படிவத்தில் ஒரு கட்டம்

காலையில் என் மேசைக்கு வரும் ஒவ்வொரு தட்டிலும் 20 ஸ்லைடுகள் இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம். பெயர், வயது, எந்த இடத்திலிருந்து எடுத்தது, எத்தனை துண்டு, அப்புறம் கீழே ‘மருத்துவ விவரம்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். இல்லாவிட்டால் ‘பயாப்ஸிக்கு அனுப்பப்படுகிறது’ என்று எழுதியிருக்கும். பின்னே, கல்யாணத்துக்கா அனுப்புவார்கள்?

நான் நோய்க்குறியியல் மருத்துவன், அதாவது உடலிலிருந்து கிள்ளி எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய் என்ன என்று சொல்பவன். பார்ப்பது பெரும்பாலும் இரைப்பை, குடல், அப்புறம் மூக்கு, தொண்டை, குரல்வளை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. கழுத்தைப் பக்கவாட்டில் பிளந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்காற்று மூக்கின் பின்பக்கமாக இறங்கி, முன்னால் இருக்கும் குரல்வளைக்குள் போக வேண்டும். உணவோ முன்னால் இருக்கும் வாயிலிருந்து கிளம்பி, பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போக வேண்டும். ஆக, இரண்டு பாதைகளும் தொண்டையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டுதான் போகின்றன. ஒரு முழுங்கு முழுங்குவதற்குள் குரல்வளை மேலே ஏறி, மூடி சாய்ந்து, குரல்நாண்கள் ஒட்டிக்கொண்டு, உணவு கடந்த பிறகு எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. கீழே இருக்கும் அமிலம் மேலே வந்தாலும் இதே சந்திதான் பாதிக்கப்படும். தொண்டை என்று சொல்பவர் ஒரு மருத்துவரிடம் போகிறார், நெஞ்சு எரிகிறது என்பவர் இன்னொருவரிடம் போகிறார். இரண்டு பேருடைய துண்டும் கடைசியில் என் மேசைக்கு வருகிறது.

துண்டு என்றால் எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுப்பது இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர். அதை ஃபார்மலினில் போட்டதும் வெளுத்துச் சுருங்கிவிடும். பிறகு ஆல்கஹாலில் போட்டு நீரை அகற்றி, மெழுகில் ஊறவைத்து, கட்டியாக்கி, மைக்ரோடோமில் ஏறக்குறைய நான்கு மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். எங்கள் டெக்னீஷியன் சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். மெழுகு நாடா பிளேடிலிருந்து சுருளாமல் வர வேண்டும். அதைத் தூரிகை நுனியால் தூக்கி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். அடியில் கண்ணாடியை நுழைத்து ஏந்தி எடுக்க வேண்டும். சளிச்சவ்வுத் துண்டை நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்துப் புதைத்துவிட்டால் போச்சு, குடலின் விரல் போன்ற உறிஞ்சிகள் வட்ட வட்டமாகத்தான் தெரியும். அவை குட்டையா, நெட்டையா என்று அப்புறம் சொல்லவே முடியாது.

இத்தனை பாடுபட்டு வரும் ஸ்லைடு எல்லாவற்றையும் தானே சொல்லிவிடும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். படிக்கும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். பயாப்ஸி முடிவு என்றால் தீர்ப்பு.

ஒரு பேரரசரின் தொண்டைதான் எனக்கு அந்த நினைப்பை முதலில் கலைத்தது. ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக்கு 1887 தொடக்கத்தில் குரல் கம்மியது. குரல்நாணில் ஒரு சின்ன முடிச்சு. பேராசிரியர் கெர்ஹார்ட் அதைக் கம்பியால் அறுக்கப் பார்த்தார், சூடு வைத்தும் பார்த்தார். மறுபடி மறுபடி வளர்ந்தது. புற்றுநோய்தான், கழுத்தைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர் பெர்க்மான். அதற்கு முன் இன்னொரு கருத்தும் கேட்கலாம் என்று லண்டனிலிருந்து மொரெல் மெக்கன்ஸியை வரவழைத்தார்கள். குரல்வளை வைத்தியத்தில் அன்று அவருக்குப் பெரிய பெயர். திசுவைப் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது என்றார் அவர். இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாத பேச்சு. ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து ருடால்ஃப் விர்ச்சோவிடம் அனுப்பினார். நோய் செல்லில் தொடங்குகிறது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் விர்ச்சோ. அவருக்கு மேலே கருத்துக் கேட்க அன்று ஆள் கிடையாது. புற்றுநோய் இல்லை, மேல்தோல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் விர்ச்சோ. அடுத்தடுத்து வந்த துண்டுகளிலும் அதே பதில். அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது.

நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோவில் தங்கியிருந்தபோது கட்டி தன்னைக் காட்டிக்கொண்டுவிட்டது. மெக்கன்ஸியும் ஒப்புக்கொண்டார். 1888 பிப்ரவரியில் மூச்சு முட்டி, கழுத்தில் துளை போட்டார்கள். மார்ச்சில் தந்தை இறந்து, பேச முடியாத ஒருவர் பேரரசரானார். உத்தரவுகளைத் துண்டுத்தாளில் எழுதிக்கொடுத்தார். ஆட்சி 99 நாள். ஜூன் 15-ல் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது குரல்வளை முழுக்கப் புற்று அரித்திருந்தது.

விர்ச்சோ தவறு செய்தாரா? இந்தக் கேள்வியை என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் கேட்பேன். ஆமாம் என்றுதான் சட்டென்று சொல்வார்கள். ஆனால் அவருக்கு வந்த துண்டில் புற்று இல்லை, அதில் இல்லாததை அவர் எழுதவில்லை. அது மட்டுமல்ல, இந்தத் துண்டை வைத்து முழு நோயையும் உறுதியாகத் தீர்மானிக்க முடியாது என்கிற எச்சரிக்கையும் அவருடைய அறிக்கையில் இருந்தது. அந்த வரியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குரல்வளையில் மரு மாதிரி வளரும் ஒரு வகைப் புற்று உண்டு. மேலே எவ்வளவு கிள்ளினாலும் சாதுவாகத்தான் தெரியும், அடித்தளத்தைத் தொட்டு எடுத்தால்தான் பிடிபடும். பேரரசருக்கு இருந்தது அதுதான் என்று பின்னால் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் ஒட்டிக்கொண்டது வேறு. குரல் சரியாகவில்லை, முடிச்சு திரும்பத் திரும்ப வளர்கிறது என்று நோயாளியைப் பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். துண்டு ஒன்று சொன்னது, தொண்டை வேறொன்று சொன்னது. இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று உட்கார்ந்து யோசிப்பதை விட்டுவிட்டு, எது பெரியது என்று சண்டை போட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை இரைப்பையில் நடந்தது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு இரைப்பைத் துண்டின் மேல் வளைந்த பாக்டீரியாக்கள் அப்பியிருப்பதைப் பார்த்தார். அமிலக் குட்டையில் கிருமி வாழாது என்பது அன்றைய பாடம். அவர் வெள்ளிச் சாயம் போட்டுக் காட்டினார், அப்போதும் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1981-ல் பாரி மார்ஷல் என்ற பயிற்சி மருத்துவர் வந்து சேர்ந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. மார்ஷலிடம் நோயாளிகள் இருந்தார்கள். யாருக்குப் புண், யாருக்கு வெறும் வீக்கம், யாருக்கு ஒன்றுமில்லை என்று 100 பேரை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொருவர் கதையையும் ஒவ்வொரு ஸ்லைடோடு பொருத்தினார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்ததால் கிருமி வளர்ந்து தெரிந்ததும், 1984-ல் அந்தக் கிருமிதான் நோயைத் தருகிறது என்று காட்ட மார்ஷல் அதன் கரைசலைத் தானே குடித்து வாந்தியெடுத்ததும், 2005-ல் இருவருக்கும் நோபல் கிடைத்ததும் பலருக்குத் தெரிந்ததுதான். நான் இந்தக் கதையை எடுப்பது அந்த 100 படிவங்களுக்காக. பெரிய உபகரணம் எதுவும் இல்லை. ஒருவர் கேட்டார், ஒருவர் பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள்.

இன்றைக்கும் இந்தக் கிருமியை நான் தவறவிடுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நோயாளி அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வந்திருப்பார், படிவத்தில் அது இருக்காது. மாத்திரை சாப்பிடும்போது கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குறைந்து, மேல்பகுதிக்கு ஒதுங்கிவிடும். கீழ்ப்பகுதியிலிருந்து மட்டும் இரண்டு துண்டு எடுத்து அனுப்பியிருந்தால், கிருமி இல்லை என்றுதான் நான் எழுதுவேன். அது உண்மையும்தான், அந்தத் துண்டைப் பொறுத்தவரை. ‘இரண்டு மாதமாக மாத்திரை’ என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் போதும், அதையும் சேர்த்துச் சொல்லி, மேலிருந்தும் துண்டு கேட்டிருப்பேன்.

குடலில் இது இன்னும் சிக்கல். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண், துண்டில் கிரானுலோமா, அதாவது அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு. காசநோயா, குரோன் என்கிற நாட்பட்ட குடல் அழற்சி நோயா? கிரானுலோமா பெரிதாக, ஒன்றோடொன்று கலந்து, நடுவில் தயிர்க்கட்டி மாதிரி அழிந்திருந்தால் காசநோய்ப் பக்கம் சாயலாம். சின்னதாக, தனித்தனியாக, எண்ணிக்கை குறைந்திருந்தால் குரோன் பக்கம். பாதி ஸ்லைடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு சிரிக்கும். ஒன்றுக்கு மருந்து கிருமியைக் கொல்ல வேண்டும், இன்னொன்றுக்கு நோய் எதிர்ப்பை அடக்க வேண்டும். காசநோய்க்காரருக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலைக் காய்ச்சல் உண்டா, மார்பு எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்ததா, ஆசனவாய்ப் பக்கம் புரை ஓடியிருக்கிறதா? இவை எதுவும் கண்ணாடியில் தெரியாது.

நல்ல படிவங்களும் வரும், சொல்லாமல் விட்டால் பாவம். ஒருநாள் மதியம் மூக்கிலிருந்து எடுத்த துண்டு ஒன்று வந்தது. கட்டத்தில் அவசரக் கையெழுத்தில்: ‘சர்க்கரை 400-க்கு மேல். நான்கு நாளாக வலது கன்னம் மரத்திருக்கிறது. இன்று கண் வீங்கிவிட்டது. மூக்கில் கறுப்புப் பொருக்கு.’ டெக்னீஷியன் அதைப் படித்துவிட்டு, வரிசையில் வைக்காமல் நேராக என்னிடம் கொண்டுவந்தார். துண்டின் ஓரத்தைக் கிள்ளி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நசுக்கிப் பார்த்தோம். அகலமான, நாடா மாதிரி மடங்கிய பூஞ்சை இழைகள், குறுக்குச் சுவர் ஏறக்குறைய இல்லை, செங்கோணத்தில் கிளை பிரிந்திருந்தன. மியூகர், கறுப்புப் பூஞ்சை என்பார்களே, அதுதான். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையாக இருந்தால் இழை மெலிந்து, குறுக்குச் சுவரோடு, கூரிய கோணத்தில் பிரியும். இரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைப்பதால்தான் அந்தக் கறுப்பு. அரை மணி நேரத்தில் தொலைபேசியில் சொன்னேன், அன்று மாலையே அவரை அறுவை அரங்குக்கு எடுத்துப்போனார்கள். அந்த நான்கு வரி இல்லாவிட்டால் துண்டு இரவு முழுவதும் இயந்திரத்தில் ஊறி, மறுநாள்தான் என் கண்ணில் பட்டிருக்கும்.

அப்புறம், நான் தப்பித்த கதை. குரல்நாணின் பின்பகுதியிலிருந்து ஒரு துண்டு. படிவத்தில் ‘புற்றுநோயா?’ என்று மட்டும். ஸ்லைடில் மேல்தோல் நாக்கு நாக்காகக் கீழே இறங்கியிருந்தது, நடுவில் கெரட்டின் முத்துக்கள். பார்த்ததும் மேல்தோலில் பிறக்கும் செதில்செல் புற்று என்றுதான் கை எழுதப் போனது. அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்தும் விட்டேன். ஆனால் செல்களின் கரு ரொம்ப ஒழுக்கமாக இருந்தது மனதை உறுத்தியது. இறங்குகிற நாக்குகளுக்கு இவ்வளவு சாந்தமான முகமா? தொலைபேசியை எடுத்து அனுப்பிய மருத்துவரிடம் கேட்டேன். 34 வயதுப் பெண், புகைப்பழக்கம் இல்லை, ஒரு வருடமாகக் குரல் கரகரப்பு, கட்டி மஞ்சளாக, வழுவழுவென்று ஒரு பட்டாணி அளவில் இருந்தது என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தேன். துண்டின் அடி ஓரத்தில், நான் அழற்சி என்று தாண்டிப்போன இடத்தில், பெரிய வெளிறிய செல்கள். உள்ளே நுண்மணல் தூவிய மாதிரித் துகள்கள். நரம்பு உறைச் செல்களைக் காட்டிக்கொடுக்கும் எஸ்-100 சாயம் போட்டோம், பழுப்பாகப் பற்றிக்கொண்டது. நரம்பு உறைச் செல்லில் பிறக்கும் துகள்செல் கட்டி. எப்போதோ அபூர்வமாகத் தவிர, தீங்கில்லாதது. மேலே இருக்கும் தோலைத் தூண்டிவிட்டு, புற்றுநோய் மாதிரி நடிக்க வைக்கும் வேலை அதற்குக் கைவந்தது. தட்டச்சான அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். முதல் அறிக்கை போயிருந்தால் கதிர்வீச்சு வரைக்கும் போயிருக்கலாம். அன்றிலிருந்துதான் நான் காலிக் கட்டத்தைப் பார்த்தால் கத்துகிற ஆளாக மாறினேன். துறைக் கூட்டங்களில் என்னைக் கண்டாலே அறுவை மருத்துவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

இப்படிப்பட்ட நான்தான் என் தொண்டையைப் பற்றி ஒரு மருத்துவரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு செருமல் ஆரம்பித்தது. பேசுவதற்கு முன்னால் ஒன்று, பேசி முடித்ததும் ஒன்று. தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி. ஒரு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, குரல்வளையின் பின்பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கிறது, எதுக்களிப்பாக இருக்கலாம் என்றார். அந்தச் சிவப்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் தென்படும், அதை வைத்து அமிலத்தின் மேல் பழி போட முடியாது என்பது எனக்குத் தெரியும். தொண்டைத் தொந்தரவுக்கு அமில மாத்திரை வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை என்று 300-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த பிரிட்டன் ஆய்வு 2021-ல் வெளிவந்ததும் தெரியும். தெரிந்தும் எட்டு வாரம் விழுங்கினேன். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் படிப்பு ஓடிவிடுகிறது. சாப்பிடும்போது ஏதாவது சிரமம் உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சிரமம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு விருந்தில் ஒரு துண்டு இறைச்சி நடு நெஞ்சில் நின்றுவிட்டது. மூச்சு முட்டவில்லை, ஆனால் எச்சில்கூட இறங்கவில்லை. குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. ஒன்றரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கையில் டவலைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனேன். இரவுப் பணியிலிருந்த குடல் மருத்துவர் இளைஞர். அவர் கேட்டார்:

“வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் யார் கடைசியில் எழுவார்கள்?”

எனக்குப் பேச முடியவில்லை, வாய் நிறைய எச்சில். என் மனைவிதான் பதில் சொன்னாள். “நாங்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் இவர் பாதியில்தான் இருப்பார், டாக்டர். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான்.”

“ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பாரா?”

“ஜாடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். மாத்திரையைக்கூட உடைத்துத்தான் போடுவார்.”

“சின்ன வயதில் மூச்சிரைப்பு, தும்மல் ஏதாவது?”

அதற்கு நானே தலையாட்டினேன்.

இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு, உணவுக்குழாயில் மேலும் கீழுமாக ஆறு துண்டு கிள்ளினார். அவர் சந்தேகப்பட்ட நோய் திட்டுத் திட்டாக இருக்கும், ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் நழுவிவிடும். துண்டுகள் என் துறைக்கே வந்தன. என் ஸ்லைடை நான் பார்க்கக் கூடாது என்று சக மருத்துவர் வாங்கிக்கொண்டார். அவர் எழுதி முடித்த பிறகு, இரண்டு பேர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன்.

உணவுக்குழாயின் மேல்தோலில் ஈஸினோஃபில் என்ற ஒவ்வாமைச் செல்லுக்கு வேலையே கிடையாது. இயல்பாக ஒன்றுகூட இருக்காது. அதிக உருப்பெருக்கத்தில் ஒரே புலத்தில், அதாவது ஒரே பார்வையில் தெரியும் வட்டத்தில், 15 இருந்தால் சந்தேகப்பட வேண்டும். என்னுடையதில் அவர் 60 எண்ணியிருந்தார். செங்கல் நிறத் துகள்கள் நிறைந்த, இரண்டு கண் வைத்த மாதிரிக் கரு கொண்ட செல்கள், மேல்பரப்பை நோக்கி ஏறி, அங்கங்கே கொத்தாகக் குவிந்திருந்தன. அடிச்செல் அடுக்கு பாதி உயரம் வரை தடித்திருந்தது. செல்களுக்கு நடுவே இடைவெளி, ஏணிப்படி மாதிரி. எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன், ‘ஈஸினோஃபிலிக் ஈஸோஃபஜைட்டிஸோடு பொருந்துகிறது’ என்று எழுதியிருக்கிறேன். இந்தச் செல்கள் குவிவதால் உணவுக்குழாயில் வரும் அழற்சி அது. 1990-களின் தொடக்கம் வரை இதற்குத் தனிப்பெயரே கிடையாது, உணவுக்குழாயில் இந்தச் செல்லைப் பார்த்தால் எதுக்களிப்புக் கணக்கில்தான் எழுதினார்கள். 1993, 1994-ல்தான் இது வேறு நோய் என்று தனியே பிரித்தார்கள். பிரித்ததும் கண்ணாடியை மட்டும் பார்த்து அல்ல. இளம் வயது, ஒவ்வாமை, சாப்பாடு சிக்குகிறது, ஆனால் அமிலச் சோதனை சரியாக இருக்கிறது என்ற கதை பொருந்தி வந்ததால்தான்.

சக மருத்துவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். அந்த இளைஞர் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார். ‘46 வயது. இறைச்சி அடைப்பு. சிறுவயதில் ஆஸ்துமா. மெதுவாகச் சாப்பிடுவார், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர், மாத்திரை உடைத்து (மனைவி சொன்னது). எட்டு வாரம் அமில மாத்திரை, ஆறு மாதம் முன்பு. எண்டோஸ்கோபியில் நீள வரிகள், வளையங்கள்.’ இருபது வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் படிவம்.

மனைவி சொன்னது என்ற அடைப்புக்குறியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீராய்டை விழுங்கும் வடிவில் கொடுத்தார்கள். சில வகை உணவை விலக்கிப் பார்க்கும் வழியும் உண்டு, எனக்கு அந்தப் பொறுமை இல்லை. செருமல் பாதி குறைந்தது. அது இந்த நோயால் வந்ததா, பழக்கத்தால் நீடித்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி எண்டோஸ்கோபி, மறுபடி ஆறு துண்டு. இந்த முறை புலத்துக்கு இரண்டு செல். அடி அடுக்கு பழைய உயரத்துக்கு இறங்கியிருந்தது.

முடிவைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார், “இப்போது சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது?”

ரொம்பக் குறைந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதே நேரம்தான்,” என்றாள். “ஜாடியும் அங்கேயேதான் இருக்கிறது.”

அதையும் எழுதிக்கொண்டார்.